வகுத்தலைக் கேள்வி கேட்ட சிறுவன்

கூட்டலும் கழித்தலும் விரல்விட்டு எண்ணும்போதே பிள்ளைகளுக்கு வந்துவிடுகின்றன. பெருக்கலுக்கு வாய்பாடு துணை நிற்கிறது. வகுத்தலுக்கு வரும்போதுதான் பலருக்குக் கால் இடறுகிறது. சிம்பாங் ரெங்கத்தில் மாலை நேரங்களில் தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்குக் கணிதம் சொல்லிக்கொடுக்கும் நான் இதை ஆண்டுதோறும் பார்க்கிறேன். வகு, பெருக்கு, கழி, அடுத்த இலக்கத்தை இறக்கு என்று படிகளை மளமளவென ஒப்பிக்கும் மாணவர்கூட, இந்தக் கணக்கில் என்ன நடக்கிறது என்று கேட்டால் திருதிருவென விழிக்கிறார். அதைக் கவனிக்காமல் விட்டால் பின்னம், விழுக்காடு, விகிதம் எல்லாம் அவருக்கு மலையாகிவிடும். இடைநிலைப்பள்ளிக்குப் போகும்போதே, தனக்குக் கணிதம் வராது என்ற முடிவோடு போவார்.

அப்படி விழிக்கும் பிள்ளைகளுக்கு நான் சீனிவாச இராமானுஜனின் வாழ்க்கையைச் சொல்வது வழக்கம். அவர் பெயரைக் கேட்டதும் 1729 என்ற எண்ணும் இங்கிலாந்துப் பயணமும் பலருக்கு நினைவுக்கு வரும். நான் அவற்றுக்கெல்லாம் முன்னால், பள்ளிக்கூடத்தில் நடந்த ஒரு வகுத்தல் பாடத்திலிருந்து தொடங்குவேன். அன்று எழுந்த கேள்வியின் நிழலை அவருடைய கடைசி ஆராய்ச்சி வரையில் என்னால் பார்க்க முடிகிறது.

கும்பகோணத்துப் பிள்ளை

இராமானுஜன் 1887ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் ஈரோட்டில், தாயாரின் பெற்றோர் வீட்டில் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணத்தில், சாரங்கபாணி சன்னிதித் தெருவில் இருந்த சிறிய வீட்டில். தந்தை சீனிவாச ஐயங்கார் சேலைக்கடை ஒன்றில் கணக்கெழுதும் வேலை பார்த்தார். தாயார் கோமளத்தம்மாள் கோயிலில் பக்திப் பாடல்கள் பாடுவார். குடும்பத்தில் வரவு குறைவு. இரண்டு வயதில் பெரியம்மை கண்டும் பிள்ளை உயிர் பிழைத்தான். 1897இல் தொடக்கப்பள்ளித் தேர்வில் மாவட்டத்திலேயே முதல் இடம் பெற்றான். அடுத்த ஆண்டு டவுன் உயர்நிலைப்பள்ளியில் சேர்ந்தான்.

இங்கே நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒன்றைச் சொல்வேன். கும்பகோணம் அப்போது தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்தது. அதே மாவட்டத்தின் நாகப்பட்டினம் துறைமுகத்திலிருந்துதான் அந்தக் காலத்தில் தமிழர்கள் கப்பலேறி மலாயாவுக்கு வந்துகொண்டிருந்தார்கள். நம்மில் பலருடைய கொள்ளுத்தாத்தாக்கள் அப்படி வந்தவர்கள். இராமானுஜன் அவர்கள் காலத்தவர், அவர்கள் பேசிய தமிழைப் பேசியவர். எங்கோ வானத்திலிருந்து குதித்தவர் அல்லர்.

மூன்று பழம், மூன்று பேர்

உயர்நிலைப்பள்ளியில் ஒருநாள் ஆசிரியர் வகுத்தல் பாடம் நடத்தினார். மூன்று பழங்களை மூன்று பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு ஒன்று கிடைக்கும். ஆயிரம் பழங்களை ஆயிரம் பேருக்குப் பங்கிட்டாலும் ஆளுக்கு ஒன்றுதான். ஆகவே எந்த எண்ணையும் அதே எண்ணால் வகுத்தால் ஈவு ஒன்று என்று விளக்கினார். வகுப்பு தலையாட்டியது. இராமானுஜன் மட்டும் எழுந்து, சுழியத்தைச் சுழியத்தால் வகுத்தாலும் ஒன்றுதானா என்று கேட்டான். பழமே இல்லை, வாங்கிக்கொள்ள ஆளும் இல்லை என்றால் ஆளுக்கு ஒரு பழம் எங்கிருந்து வரும் என்பது அவன் சந்தேகம். அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் பலரும் சிறு வேறுபாடுகளோடு இந்த நிகழ்ச்சியைச் சொல்கிறார்கள்.

சின்னப் பையனின் குறும்பு போலத் தோன்றும் இந்தக் கேள்வி, வகுத்தலின் அடிப்படையைத் தொடுகிறது. எங்கள் ஊர் அன்னாசி விளையும் ஊர் என்பதால் அன்னாசியை வைத்தே பார்ப்போம்.

12 அன்னாசிகளை 4 குடும்பங்களுக்குச் சமமாகப் பங்கிட்டால் ஒவ்வொரு குடும்பத்துக்கும் 3 கிடைக்கும். அதே 12 அன்னாசிகளை ஒரு பைக்கு 4 என்று போட்டால் 3 பைகள் தேவைப்படும். முதலாவதில் ஒரு பங்கில் எத்தனை என்று கேட்கிறோம். இரண்டாவதில் எத்தனை பங்கு என்று கேட்கிறோம். கேள்விகள் இரண்டு, கணக்கு ஒன்றுதான்: 12ஐ 4ஆல் வகுத்தால் 3. இந்த இரண்டு பொருளையும் பிரித்தறியும் மாணவருக்குப் பிரச்சினைக் கணக்குகளில் தடுமாற்றம் பாதியாகக் குறைந்துவிடும்.

விடை சரியா என்று எப்படித் தெரிந்துகொள்வது? 3ஐ 4ஆல் பெருக்கினால் 12 வருகிறது. ஆக, 12ஐ 4ஆல் வகு என்பதன் உள்ளே இருக்கும் கேள்வி, எந்த எண்ணை 4ஆல் பெருக்கினால் 12 வரும் என்பதே. வகுத்தல் என்பது பெருக்கலைத் திருப்பிப் பார்ப்பது.

இப்போது 5ஐச் சுழியத்தால் வகுத்துப் பாருங்கள். எந்த எண்ணைச் சுழியத்தால் பெருக்கினால் 5 வரும்? எதுவும் வராது. எதைச் சுழியத்தால் பெருக்கினாலும் சுழியம்தான். எனவே அந்தக் கணக்குக்கு விடையே இல்லை. அடுத்து, சுழியத்தைச் சுழியத்தால் வகுங்கள். எந்த எண்ணைச் சுழியத்தால் பெருக்கினால் சுழியம் வரும்? 1 சரிதான். 7 என்றாலும் சரி, 100 என்றாலும் சரி. எல்லா எண்ணும் பொருந்துகிறது. ஒரு கணக்குக்கு இப்படி எல்லா எண்ணும் விடையாக வந்தால் அதை வைத்துக்கொண்டு எதையும் செய்ய முடியாது. அதனால்தான் சுழியத்தால் வகுப்பதற்குக் கணிதத்தில் பொருள் வரையறுக்கப்படவில்லை. ஆசிரியர் சொன்ன விதியில் சுழியம் தவிர என்ற சொற்கள் சேர வேண்டும். சிறுவன் கேட்டது அந்த விடுபட்ட சொற்களைத்தான்.

பெரிய அறிஞர்களும் இந்த இடத்தில் தயங்கி நின்றிருக்கிறார்கள். சுழியத்துக்கான கணக்கு விதிகளை 628ஆம் ஆண்டில் எழுதிய பிரம்மகுப்தர், சுழியத்தைச் சுழியத்தால் வகுத்தால் சுழியம் என்றார். 9ஆம் நூற்றாண்டில் மகாவீரர், சுழியத்தால் வகுத்தாலும் எண் மாறாது என்றார். 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் பாஸ்கரர், ஓர் எண்ணைச் சுழியத்தால் வகுத்தால் முடிவிலி என்றார். இன்று நாம் இந்த மூன்றையும் ஏற்பதில்லை. இப்படிப்பட்ட ஒரு கேள்வியை ஒரு பள்ளி மாணவன் பழத்தையும் ஆளையும் வைத்துத் தானாகவே எட்டிப்பிடித்தான். விதியை மனப்பாடம் செய்வதோடு நின்றிருந்தால் அது முடிந்திருக்காது. அந்த விதி எதைப் பற்றிப் பேசுகிறது என்பதை அவன் மனக்கண்ணில் பார்த்தான்.

தேர்வில் தோற்ற மேதை

பதின்மூன்று வயதுக்குள் லோனி என்பவர் எழுதிய முக்கோணவியல் நூலை இராமானுஜன் கற்று முடித்தார். 1903இல் கார் என்பவர் தொகுத்த கணித நூல் கைக்குக் கிடைத்தது. ஏறக்குறைய 5,000 முடிவுகள் அதில் அடுக்கப்பட்டிருந்தன, விளக்கம் மிகக் குறைவு. அவற்றை ஒவ்வொன்றாகத் தானே நிறுவிப் பார்ப்பது அவருக்கு விளையாட்டாயிற்று. 1904இல் பள்ளியை விட்டபோது கணிதத்துக்கான ரங்கநாத ராவ் பரிசைப் பெற்றார். கும்பகோணம் அரசு கல்லூரியில் உபகாரச் சம்பளத்தோடு இடமும் கிடைத்தது.

அதன்பின் வந்தது சறுக்கல். கணிதத்தைத் தவிர வேறு எதையும் அவர் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. மற்றப் பாடங்களில் தேறவில்லை, உபகாரச் சம்பளம் போயிற்று. 1905இல் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்கு ஓடிப்போனார். 1906இல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். அங்கும் தேர்வில் இருமுறை தோற்றார். கல்லூரிப் பட்டம் இல்லாமல் படிப்பு நின்றது.

இந்தப் பகுதியைச் சொல்லும்போது பிள்ளைகள் சிலர் முகம் மலரும். மற்றப் பாடங்களைப் படிக்காவிட்டாலும் பரவாயில்லை என்று அவர்களுக்குத் தோன்றுகிறது. அங்கேயே நான் நிறுத்தி, அடுத்து வந்த ஆண்டுகளைச் சொல்வேன். அந்தத் தோல்விக்கு அவர் கொடுத்த விலை பெரிது. வேலை இல்லை, பல நாள் வயிறாரச் சாப்பாடும் இல்லை. காகிதம் வாங்கக் கட்டுப்படியாகாததால் கணக்கைச் சிலேட்டில் போட்டு, முழங்கையால் அழித்து, விடையை மட்டும் நோட்டுப் புத்தகத்தில் எழுதினார். 1909இல் ஜானகியுடன் திருமணம் நடந்தது. குடும்பத்தைக் காப்பாற்ற வேலை தேடி, நோட்டுப் புத்தகங்களைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகப் பார்த்தார்.

அவருடைய நல்லகாலம், அந்த நோட்டுப் புத்தகத்தைத் திறந்து பார்த்தவர்களில் சிலருக்கு அதன் மதிப்புப் புரிந்தது. இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கிய வி. ராமசாமி ஐயர் பரிந்துரைக் கடிதங்கள் கொடுத்து உதவினார். நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ் சில காலம் பணம் அனுப்பினார். 1911இல் அவருடைய முதல் ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. 1912 மார்ச் 1ஆம் நாள் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். ஹார்டி அதைத் தூக்கிப் போடவில்லை. சக கணித அறிஞர் லிட்டில்வுட்டோடு உட்கார்ந்து படித்துப் பார்த்து, எழுதியவர் சாதாரணமானவர் அல்லர் என்று உணர்ந்தார். அதே ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை வழங்கியது. 1914 மார்ச் 17ஆம் நாள் இராமானுஜன் கப்பலேறினார்.

மீதி வராத எண்கள்

கேம்பிரிட்ஜில் அவர் எழுதிய பெரிய கட்டுரைகளில் ஒன்று 1915இல் வெளிவந்தது. அதன் மையக் கேள்வி ஆரம்பப்பள்ளிப் பாடத்திலேயே இருக்கிறது: எந்த எண்ணை அதிக வழிகளில் மீதியில்லாமல் வகுக்கலாம்?

10ஐ மீதியில்லாமல் வகுப்பவை 1, 2, 5, 10 என்ற நான்கு காரணிகள். 12க்கோ 1, 2, 3, 4, 6, 12 என்று ஆறு காரணிகள். 12ஐ விடச் சிறிய எந்த எண்ணுக்கும் ஆறு காரணிகள் கிடையாது. இப்படித் தன்னைவிடச் சிறிய எல்லா எண்களையும் விட அதிகக் காரணிகள் கொண்ட எண்களை இராமானுஜன் தேடினார். 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120 என்று வரிசை போகிறது. 60க்கு 12 காரணிகள். அதைவிடப் பெரிய எண்ணான 100க்குக்கூட 9 காரணிகள்தாம்.

இந்த வரிசையில் நமக்குப் பழக்கமான எண்கள் இருப்பதைக் கவனியுங்கள். ஆண்டுக்கு 12 மாதம், நாளுக்கு 24 மணி, மணிக்கு 60 நிமிடம், வட்டத்துக்கு 360 பாகை. எல்லாம் பங்கிட வசதியான எண்கள். ஒரு மணி நேரத்தை 2, 3, 4, 5, 6 என எத்தனையாகப் பிரித்தாலும் முழு நிமிடங்களே வருகின்றன.

இராமானுஜன் தந்த பட்டியலின் கடைசி எண் 6,746,328,388,800. அதற்கு 10,080 காரணிகள். கணினியும் கால்குலேட்டரும் இல்லாத காலத்தில் அவர் கையால் கண்டுபிடித்தது இது. இந்த ஆராய்ச்சிக்காக 1916இல் கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் அளித்தது. சென்னையில் கிடைக்காத பட்டத்தை, எந்த எண் எதனால் வகுபடும் என்ற கேள்வி வாங்கித் தந்தது.

நான்கு அன்னாசி, ஐந்து வழி

அடுத்த ஆராய்ச்சி இன்னும் எளிமையாகத் தொடங்கும். 4 அன்னாசிகளைக் குவியல்களாகப் பிரித்து வைக்க வேண்டும். குவியல்கள் சமமாக இருக்க வேண்டியதில்லை. எத்தனை வழி? நான்கும் ஒரே குவியல், 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என்று மொத்தம் 5 வழிகள். 5 அன்னாசிக்கு 7 வழிகள், 10க்கு 42 வழிகள். 100க்கு 190,569,292 வழிகள், அதாவது 19 கோடிக்கும் மேல். இதை ஒவ்வொன்றாக எண்ணாமல் சொல்ல இராமானுஜனும் ஹார்டியும் சேர்ந்து 1918இல் ஒரு சூத்திரம் வெளியிட்டார்கள். மக்மஹோன் என்ற கணித அறிஞர் 1 முதல் 200 வரை உள்ள எண்களுக்குக் கையாலேயே கணக்கிட்டு அட்டவணை தயாரித்திருந்தார். சூத்திரம் தந்த விடை அதோடு ஒத்துப்போயிற்று.

அந்த அட்டவணையில் மற்றவர்கள் கண்ணில் படாத ஒன்று இராமானுஜன் கண்ணில் பட்டது. 4க்கு 5 வழி, 9க்கு 30 வழி, 14க்கு 135 வழி, 19க்கு 490 வழி. ஐந்து ஐந்தாகத் தாவினால் வரும் இந்த விடைகள் எல்லாமே 5ஆல் மீதியின்றி வகுபடுகின்றன. இது என்றென்றும் தொடரும் என்று அவர் நிறுவினார். 7க்கும் 11க்கும் இதுபோன்ற ஒழுங்குகளைக் கண்டார்.

ஏன் 5ஆல் வகுபடுகிறது என்பதைக் கண்முன் காட்ட 1944இல் ஃபிரீமன் டைசன் ஒரு வழி சொன்னார். ஒவ்வொரு பிரிப்பிலும் மிகப் பெரிய குவியலின் அளவிலிருந்து குவியல்களின் எண்ணிக்கையைக் கழிக்க வேண்டும். மேலே சொன்ன ஐந்து வழிகளுக்கும் முறையே 3, 1, 0, −1, −3 வருகின்றன. கழித்தல் குறி உள்ளவற்றோடு 5ஐக் கூட்டினால் −1 என்பது 4 ஆகும், −3 என்பது 2 ஆகும். ஆக 0, 1, 2, 3, 4 என்று 5ஆல் வகுத்தால் வரக்கூடிய எல்லா மீதிகளும் ஒருமுறை வந்துவிட்டன. 9, 14, 19 என்று மேலே போனாலும், இந்த மீதிகளின்படி வகைப்படுத்தினால் பிரிப்புகள் ஐந்து சம பங்குகளாகப் பிரிகின்றன. டைசன் ஊகித்ததை 1954இல் வேறு இருவர் நிறுவினார்கள். மூன்றாம் ஆண்டில் நாம் ஓரமாக எழுதிவைக்கும் மீதிதான் இங்கே கதாநாயகன்.

முப்பத்திரண்டு வயது

இதற்குள் முதல் உலகப்போர் வந்துவிட்டது. சைவ உணவு மட்டுமே சாப்பிட்ட இராமானுஜனுக்குப் போர்க்கால இங்கிலாந்தில் சரியான உணவு கிடைப்பது கடினமாயிற்று. குளிரும் தனிமையும் சேர்ந்துகொண்டன. 1917இல் கடுமையாக நோயுற்றார். மருத்துவமனையில் இருந்தபோதே பெருமைகள் தேடி வந்தன. 1918இல் இராயல் கழகத்தின் உறுப்பினரானார். அதே ஆண்டு அக்டோபரில் டிரினிட்டி கல்லூரியின் ஃபெலோவாகத் தேர்வு பெற்ற முதல் இந்தியரானார்.

1919 மார்ச்சில் தாயகம் திரும்பினார். உடல் தேறவில்லை. படுத்த படுக்கையிலும் எழுதுவதை நிறுத்தவில்லை. 1920 ஏப்ரல் 26ஆம் நாள் சென்னை சேத்துப்பட்டில் 32 வயதில் காலமானார். கடைசி நாள்களில் எழுதிய தாள்கள் 1976இல் டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் என்ற அமெரிக்கப் பேராசிரியரின் கையில் கிடைத்தன. கணித அறிஞர்கள் அவற்றைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். அவர் பிறந்த டிசம்பர் 22 இந்தியாவில் தேசியக் கணித தினமாகக் கொண்டாடப்படுகிறது.

நாம் எடுத்துக்கொள்வது

நம் பிள்ளைகள் எல்லாரும் இராமானுஜன் ஆகப்போவதில்லை. ஆனால், பழம் எத்தனை, ஆள் எத்தனை என்று அந்தச் சிறுவன் பார்த்த பார்வை எல்லாப் பிள்ளைக்கும் எட்டும். வகுத்தல் கணக்கைத் தொடும் முன் மூன்று கேள்விகளைக் கேட்கப் பழக்குங்கள் என்று பெற்றோரிடம் நான் சொல்வதுண்டு. எதைப் பங்கிடுகிறோம்? ஒரு பங்கில் எத்தனை என்று தேடுகிறோமா, எத்தனை பங்கு என்று தேடுகிறோமா? மீதி வந்தால் அதை என்ன செய்வது?

மூன்றாவது கேள்வி முக்கியமானது. 137ஐ 8ஆல் வகுத்தால் ஈவு 17, மீதி 1. பெட்டிக்கு 8 அன்னாசி என்று அடுக்கினால் 17 பெட்டி நிறையும், ஒரு பழம் மிஞ்சும். 137 பேரை எட்டுப் பேர் அமரும் வேன்களில் சுற்றுலா அழைத்துப்போவதென்றால் 18 வேன் வேண்டும். 17 என்று எழுதினால் ஒரு பிள்ளை வீட்டு வாசலிலேயே நிற்கும். எண்கள் அதேதான். விடையைக் கேள்வி தீர்மானிக்கிறது.

பிள்ளை ஏடாகூடமாகக் கேட்டால் வாயை அடைக்காதீர்கள். பழமும் இல்லாமல் ஆளும் இல்லாமல் எப்படிப் பங்கிடுவது என்று கேட்பவர், வகுத்தல் என்றால் என்னவென்று புரிந்துகொள்ளத் தொடங்கிவிட்டார்.

மாணவர்களே, இன்றைக்கு ஒரு பயிற்சி. 6 பொருள்களை எடுத்துக்கொள்ளுங்கள். புளியங்கொட்டை, பொத்தான், எதுவானாலும் சரி. இராமானுஜன் செய்ததுபோல் குவியல்களாகப் பிரித்து, எத்தனை வழி என்று எழுதுங்கள். விடை 11. குறைந்தால் ஏதோ ஒரு வழியை விட்டிருக்கிறீர்கள், கூடினால் ஒன்றை இருமுறை எண்ணியிருக்கிறீர்கள். மறுபடியும் பிரித்துப் பாருங்கள்.